அழ வேண்டிய இடம்

ஹெப்சிபாவின் இடது கை பேசும் கை. எர்ணாவூர்ச் சபையில் அவள் துதிப்பாடல் நடத்தும்போது வலது கை மைக்கைப் பிடித்திருக்கும். இடது கை இடுப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அங்கிருந்து ஒரு விரல் நீண்டால் பல்லவியை மறுபடி எடு என்று பொருள். இரண்டு விரல் நீண்டால் சுருதியை ஏற்று. உள்ளங்கை தரையைப் பார்த்தால் டிரம்ஸ் ஓயட்டும், கீபோர்டு மட்டும் ஒலிக்கட்டும். கை முட்டியாக மூடினால் பாட்டு முடிந்தது. கீபோர்டு வாசிக்கும் ஜெரி அந்தக் கையைத் தவிர வேறெதையும் பார்க்கமாட்டான். தகரக் கூரையின் கீழே கண்மூடி நின்ற ஜனங்கள், ஆவியானவர் இப்போது அசைவாடுகிறார் என்று நம்பிக் கைதூக்கிய கணங்கள் அத்தனையும் அந்த ஐந்து விரல்களுக்குள் அடங்கியிருந்தன.

விரல்களுக்கு மேலாக அவளிடம் இன்னொன்று இருந்தது. அவள் அழுவாள். அவளே இயற்றிய பாட்டு ஒன்று உண்டு.

கரை காணாக் கடலிலே கயிறெறிந்தீர்,
கைவிட்டார் யாவரும் என்றேன். உம் கரம் தொட்டதே.

‘தொட்டதே’ என்ற சொல்லுக்கு வரும்போது குரல் உடையும். கன்னத்தில் ஒரு கோடு இறங்கும். உடனே முன்வரிசைப் பெண்கள் முந்தானையை எடுப்பார்கள்; பின்வரிசை ஆண்கள் தலைகுனிவார்கள்; போதகர் அலெக்ஸாண்டர் மைக்கை வாங்கி, “இந்த இடத்தில் அபிஷேகம் இருக்கிறது” என்பார்.

முதன்முதல் அந்த இடத்தில் அவள் அழுதபோது அது பொய்யில்லை. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிய அப்பாவைக் காசிமேட்டுக் கல்லறையில் வைத்துவிட்டு வந்த வாரம் அது. அந்தச் சொல்லைப் பாட வாயெடுத்தாள். சொல் வரவில்லை, அழுகைதான் வந்தது. அடுத்த வாரம் ஒரு பெண்மணி தன் மருமகளையும் அழைத்துக்கொண்டு வந்து, அந்தப் பாட்டைப் பாடு, அந்த இடத்தை இவளும் கேட்கவேண்டும் என்று வேண்டினாள். கேட்டவளை வெறுங்கையோடு அனுப்ப ஹெப்சிபாவுக்கு மனமில்லை. கொடுத்தாள். மறுவாரமும் கொடுத்தாள். மணி பார்த்து ஆலைச் சங்கு ஊதலாம். மணி பார்த்து ரயில் கிளம்பலாம். மனிதரின் அழுகை மணி பார்த்து வரத் தொடங்கினால் அதற்குப் பெயர் வேலை. ஹெப்சிபா அந்த வேலையில் தேர்ந்தாள். தேர்ந்ததை அபிஷேகம் என்று ஊர் சொல்லக் கேட்டுத் தானும் நம்பினாள்.

அந்த நம்பிக்கையைச் சாரா வந்து கெடுத்தாள்.

சாரா நாற்பத்தைந்து வயதுக்காரி. கன்டெய்னர் யார்டு கேன்டீனில் சோறு வடிப்பவள். அவள் கணவன் வேலப்பன் டிரெய்லர் ஓட்டுபவன். முதுகெலும்பு அடிபட்டுப் பல மாதம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கிடந்தவன் ஒருநாள் எழுந்து நடந்து வீடு சேர்ந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆண்டவர் தமக்குச் செய்ததை ஜனங்கள் எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில், சாரா மைக்கை வாங்கினாள். பேச வரவில்லை. பேச்சு வராதவர்கள் “ஸ்தோத்திரம்” என்று சொல்லி உட்காருவது அந்தச் சபையின் வழக்கம். அவளோ உட்காரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, சுருதியும் இல்லாமல் தாளமும் இல்லாமல் பாடினாள்.

வூட்டுக்கு வந்தவரே,
கூப்புடாம வந்தவரே,
இன்னா பாத்து வந்தீரு? இங்க இன்னா கீது?

அந்தத் தகரக் கூரையின் கீழே ஆண்டவரை அந்த மொழியில் யாரும் அழைத்ததில்லை. புருஷனோடு சண்டையிடுவதும் பிள்ளையைக் கொஞ்சுவதும் மீன்காரியிடம் பேரம் பேசுவதும் அந்த மொழியில்; ஆண்டவர் முன்னால் மட்டும் இரவல் சட்டை போட்டதுபோல் ஏட்டுத் தமிழ். பிறந்த நாக்கைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிவைத்துவிட்டு உள்ளே வரவேண்டும் என்று இந்த ஏழைகளுக்குக் கற்பித்தவர் யார்? சாரா கழற்றாமல் வந்துவிட்டாள். சிரிப்பார்கள் என்று ஹெப்சிபா காத்திருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் எப்போதும் செல்போனைத் தடவிக்கொண்டிருக்கும் லேத் பட்டறைக்காரர் சட்டையை இழுத்து முகம் துடைத்தார்.

ஹெப்சிபாவின் கண்ணிலும் நீர் வந்தது. வரவழைக்காமல் வந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு கேளாமல் வந்த அந்தத் துளியை, திருட்டுப் பொருளை மறைப்பவளைப்போல அவசரமாகத் துடைத்தாள். சாராவின்மேல் அவளுக்குப் பொறாமை பற்றிக்கொண்டது அந்தத் துளியில்தான்.

சபை ஆண்டுதோறும் திருவொற்றியூர் மைதானத்தில் மூன்று நாள் நற்செய்திக் கூட்டம் நடத்தும். நிறைவு நாள் துதிப்பாடல் எப்போதும் ஹெப்சிபாவுக்கே. இந்த முறை போதகர் அலெக்ஸாண்டர் நிறைவு நாளை, அந்த ஞாயிறு முதல் சபையில் வாராவாரம் பாடிவந்த சாராவுக்குக் கொடுத்தார். முதல் நாளும், நிறைவு நாளில் பிரசங்கத்துக்குப் பின் ஒரேயொரு பாட்டும் ஹெப்சிபாவுக்கு என்றார். ஃப்ளெக்ஸ் பேனர் வந்தது. வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போக ஹெப்சிபா தினமும் மெட்ரோ ஏறும் இடத்திலேயே அது நின்றது. நடுவில் கண்மூடிய சாரா, ஆளுயரத்துக்கு. ஓரத்தில் பாடகர் குழுவோடு குழுவாக, தபால்தலை அளவுக்கு ஹெப்சிபா. காலையில் அதைப் பார்க்கக் கூடாது என்று தலையைத் திருப்பிக்கொள்வாள். திருப்பிய தலைக்குள் பேனர் இன்னும் பெரிதாக நிற்கும். கடையில் புடவை மடிப்பவள் ஏதோ கேட்டால் எரிந்து விழுவாள். சாரா பாடும்போது தாளம் எத்தனை இடத்தில் தப்பியது என்று எண்ணுவாள்; எண்ணி முடித்ததும், தப்பிய இடங்களில்தான் ஜனம் அழுதது என்பது நினைவுக்கு வரும். பணத்தின்மேல் பொறாமைப்பட்டவள் பணம் சேர்த்து ஆறலாம். அழகின்மேல் பட்டவள் முதுமையை நம்பி ஆறலாம். இவள் பட்டதோ ஒருத்தியின் உண்மையின்மேல். அதை எங்கே போய்ச் சம்பாதிப்பது?

ஆகவே அவள் குற்றம் தேடினாள். ஒத்திகையில் சாரா கண்ணைத் திறப்பதேயில்லை. நாம் விரல் காட்டினால் அவளுக்கு எப்படித் தெரியும் என்று ஜெரியிடம் குறைப்பட்டாள்.

“அவங்களுக்கு விரலே வேணாம்க்கா,” என்றான் ஜெரி, கீபோர்டிலிருந்து தலை தூக்காமல். “அவங்க எங்க போனாலும் நாங்க பின்னாலயே ஓடிப் புடிச்சிக்கிறோம். நல்லாதான் கீது.”

போதகரிடம் போனாள். பெரிய மேடை, ஆயிரக்கணக்கில் ஜனம், வாடகை இசைக்குழு. சுருதி அறியாதவள் நின்றால் சபையின் மானம் போகும் என்று வாதாடினாள். அலெக்ஸாண்டர் பொறுமையாகக் கேட்டார். சாரா பாடினால் புது ஆட்கள் முன்னே வந்து முழங்கால் இடுகிறார்கள், அதை நாம் தடுக்கலாமா என்றார். கொஞ்சம் மெருகுதான் வேண்டும். அதை நீயே கொடு மகளே என்று சொல்லி அவள் தலையில் கைவைத்து ஜெபமும் செய்துவிட்டார். புகார் சொல்லப் போனவள் பொறுப்பைச் சுமந்து திரும்பினாள்.

கூட்டத்துக்கு முந்திய சனிக்கிழமை ஒத்திகை முடிந்தது. ஜெரி கிளம்பிவிட்டான். ஹெப்சிபா மைக் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சாரா போகாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கேன்டீன் வேலை முடித்து நேரே வந்தவள். சேலையில் கஞ்சி காய்ந்து வெள்ளையாய் ஒட்டியிருந்தது.

“சிஸ்டர், ஒண்ணு சொன்னா யார்கிட்டயும் சொல்லமாட்டீங்களே?” என்றாள்.

ஹெப்சிபா வயரைச் சுருட்டுவதை நிறுத்தினாள்.

“எனக்கு அழுவ வர்ல, சிஸ்டர். கொஞ்ச நாளாவே வர்ல. அன்னிக்கி எங்க வூட்டுக்காரரு ஆஸ்பத்திரிலேந்து நடந்து வந்துச்சு, அழுவ வந்துச்சு. இப்போ அந்தாளு தெனம் நடக்குது. டீக்கடைக்கு நடக்குது, சீட்டாடப் போவுது. தெனம் நடக்குறதுக்கு எப்டி சிஸ்டர் அழுவுறது?”

தானே சொன்னதற்குத் தானே சிரித்துவிட்டு, சாரா முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள். கண்ணை மூடிச் சும்மா பாடுகிறாளாம், ஜனம் அழுகிறதாம், அவளுக்கு மட்டும் வறண்டு கிடக்கிறதாம். பாஸ்டரோ மைதானத்தில் பெரிய அபிஷேகம் இறங்கும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அத்தனை ஜனத்தின் முன்னால் வறண்டு நின்றால் என்ன நினைப்பார்கள்?

“உங்களுக்கு மட்டும் வாராவாரம் வருதே. எனக்கும் சொல்லிக் குடுங்க.”

சொல்ல வேண்டிய விடை ஹெப்சிபாவின் நாக்கின் நுனியில் இருந்தது. வராவிட்டால் அழாதே, வறண்டிருந்தால் வறண்ட குரலிலேயே பாடு, அதைத்தான் ஜனம் கேட்கிறது. கூடவே இன்னொன்றும் அவளுக்கு விளங்கியது. சபை முழுவதும் கண்ணீர் என்று கொண்டாடியது கண்ணீரை அல்ல. இந்தப் பெண் இல்லாததை இருப்பதாகக் காட்டாமல் நின்றதை. வறட்சியிலும் மெய்யாக நிற்கிறாள். தனக்கோ கண்ணீரிலும் மெய் இல்லை. பொறாமை அப்போது நெருப்பாக இல்லை. பனிக்கட்டிபோல் நிதானமாக இருந்தது. இவளை என்னைப்போல் ஆக்கிவிட்டால், பிறகு இவளிடம் பொறாமைப்பட என்ன இருக்கும்?

வயரைக் கீழே வைத்தாள். “கிட்ட வாங்க, சாராக்கா,” என்றாள்.

கற்றுக்கொடுத்தாள். பாட்டு தொடங்குமுன்பே அழுவதற்கு ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்; கண்ட இடத்தில் அழுதால் ஜனத்துக்குத் தொடர முடியாது. அந்தச் சொல்லுக்கு முன்வரியில் மூச்சைப் பாதியோடு நிறுத்த வேண்டும். நாக்கை அண்ணத்தில் அழுத்தி ஒருமுறை விழுங்க வேண்டும். அப்போது குரல் தானே உடையும். கண்ணை மூடக் கூடாது. மேடை விளக்கை இமைக்காமல் பார்க்க வேண்டும்; எரியும், நிறையும்; நிறைந்தபின் மூடினால் கோடாக இறங்கும். கோடு இறங்கியதும் உள்ளங்கையைத் தரைநோக்கிக் காட்டினால் டிரம்ஸ் ஓயும். ஓய்ந்த அமைதியில் ஜனம் தன் அழுகையைத் தானே கேட்கும்.

சாரா நல்ல மாணவி. மூன்றாம் முறையிலேயே குரல் உடைந்தது. உடைந்த குரலைக் கேட்டு அவளே திகைத்து, “இவ்ளோதானா சிஸ்டர்?” என்றாள். அந்தக் கேள்வியில் ஏமாற்றமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது. ஹெப்சிபா அன்றிரவு பல வாரங்களுக்குப் பிறகு அயர்ந்து தூங்கினாள்.

நிறைவு நாள் மாலை மைதானம் நிரம்பியது. சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றதால் ஜனம் அவற்றின் இடுக்குகளில் புகுந்து வந்து சேர்ந்தது. சாரா புதுச் சேலையில் மேடையேறினாள். ஹெப்சிபா பக்கவாட்டில் துணைக்குரல் மைக்கின் முன்னால் நின்றாள்.

முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. சாராவின் கண்கள் திறந்திருந்தன. மேலே விளக்கைப் பார்த்தபடி பாடினாள். தாளம் ஓரிடத்தும் தப்பவில்லை. ‘இன்னா பாத்து வந்தீரு’ என்ற வரிக்கு முன்னால் மூச்சு பாதியில் நின்றது, தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது, குரல் உடைந்தது, கன்னத்தில் கோடு இறங்கியது, கை தரையை நோக்கியது, டிரம்ஸ் ஓய்ந்தது. மைதானம் அழுதது. எர்ணாவூர்க் கூரையின் கீழ் அழுததைவிடப் பத்து மடங்கு அழுதது. உண்மைக்கு அழுத ஜனம் பொய்க்கும் அழுதது. பொய்க்குக் கூடுதலாகவே அழுதது. போதகர் மேடையோரத்தில் முழங்காலில் விழுந்தார்.

ஹெப்சிபா தன் பொறாமையைத் தேடினாள். இத்தனை நாள் காலையும் மாலையும் நெஞ்சில் கூடவே இருந்த அந்த எரிச்சல், மைதானத்தின் இந்த அழுகையில் கொழுந்துவிட வேண்டிய எரிச்சல், இல்லை. அந்த இடம் காலியாக இருந்தது. விடுதலை என்று மகிழ வேண்டியவள் அச்சப்பட்டாள். எது மெய் என்று தனக்குக் காட்டிக்கொண்டிருந்த ஒரே விளக்கு அந்தப் பொறாமைதான் என்றும், அதற்கு எண்ணெயாக இருந்த சாராவின் மெய்யைத் தானே கொட்டிவிட்டதாகவும் அப்போதுதான் அறிந்தாள்.

பிரசங்கத்துக்குப் பின் அவளை அழைத்தார்கள். ஜெரி கரை காணாக் கடல் பாட்டைத் தொடங்கினான். பழக்கம் அவளை நடத்திச் சென்றது. முதல் வரி முடிந்தது. இரண்டாம் வரியில் மூச்சைப் பாதியில் நிறுத்தினாள். அந்தக் கணம் முன்வரிசையில் சாரா தெரிந்தாள். சாரா பாட்டைக் கேட்கவில்லை. ஹெப்சிபாவின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தபடியே தானும் மூச்சை நிறுத்தி, தானும் ஒருமுறை விழுங்கினாள்.

ஹெப்சிபாவால் விழுங்க முடியவில்லை. ‘தொட்டதே’ என்ற சொல் உடையாமல், வெறும் சொல்லாக வெளியே வந்தது. இடுப்புக்குப் பின்னால் இருந்த கை முன்னே வந்து சும்மா தொங்கியது. விரல் எதுவும் காட்டாததால் ஜெரி தடுமாறி மெல்ல வாசித்தான். மைக்கைச் சற்று விலக்கி, யாருக்கும் கேட்காமல், “அவளுக்குக் குடுத்தத பாத்து எனக்கு வயிறு எரிஞ்சிது, ஆண்டவரே. நான்தான் கெடுத்தேன்,” என்றாள். பல ஆண்டுகளில் அவள் செய்த முதல் மெய்யான ஜெபம் ஒரு பொறாமைக்காரியின் ஜெபம். பிறகு மைக்கை அருகில் இழுத்து மிச்சப் பாட்டைக் காய்ந்த கண்ணோடு பாடி முடித்தாள்.

ஜனம் அசையவில்லை. தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பின்னால் இருந்தவர்கள் பஸ்ஸைப் பிடிக்க எழுந்து நடந்தார்கள். பாட்டு எப்போது தொடங்கும் என்பதுபோல் ஒரு பெண் பக்கத்தவளைப் பார்த்தாள். போதகர் விரைந்து மைக்கை வாங்கி, கடைசித் துதிப்பாடலுக்குச் சகோதரி சாரா மறுபடி வருவார் என்று அறிவித்து, அதற்குமுன் நீண்ட ஜெபம் ஒன்றைத் தொடங்கினார்.

மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டியருகே ஹெப்சிபா நின்றிருந்தாள். சாரா வேகமாக வந்தாள். முகத்தில் கோபம் இருந்தது. கோபத்துக்கு அடியில் ஹெப்சிபா நாள்தோறும் கண்ணாடியில் கண்ட ஒன்று இருந்தது.

“அத்த மட்டும் ஏன் எனக்குச் சொல்லிக் குடுக்கல?”

“எதைக்கா?”

“இப்போ பண்ணியே, அத்த. அழாமயே பாடி, உள்ள வந்து குத்துற மாரி. எனக்கு நெஞ்சுல இன்னாவோ பண்ணிச்சு. சல்லிசானத என்கிட்ட தள்ளிட்டு, நல்லத நீ வச்சிக்கினே.”

அதில் வித்தை எதுவுமில்லை என்றாள் ஹெப்சிபா. அழுகை வரவில்லை, வராமலே பாடினேன், அவ்வளவுதான். அன்றைக்கு நீங்கள் கேட்டபோது இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். நான் கொடுத்தது பொய். இனி அதைச் செய்யாதீர்கள் என்றாள்.

சாரா அவளை மேலும் கீழும் பார்த்தாள். “நான் பாடச்சொல்லோ மைதானமே அழுதுச்சு. நீ பாடச்சொல்லோ சனம் எழுந்து பஸ்ஸுக்குப் போச்சு. இப்போ வந்து செய்யாதன்ற. பொறாமைல பேசாத, சிஸ்டர்.”



“பொறாமதான்க்கா,” என்றாள் ஹெப்சிபா. “அன்னிக்கி சாட்சி நேரத்துல கண்ண மூடிக்கினு பாடுனீங்களே, அந்த நாள்லேந்து. தூக்கமே இல்ல. ஆனா இன்னிக்கி நீங்க பாடச்சொல்லோ எனக்குப் பொறாம கொஞ்சம்கூட வரல.”

 அது எட்டியதும் சாராவின் கோபம் எங்கோ போய்விட்டது. புதுச் சேலையின் ஓரத்தைக் கையில் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். மேடையில் ஜெபம் முடிந்து, ஒலிபெருக்கி அவள் பெயரைச் சொல்லி அழைத்தது.

“அன்னிக்கி நான் இன்னா பண்ணேன், சிஸ்டர்?” என்று கேட்டாள். “எப்டி நின்னேன், எப்டி பாடுனேன்? நீ பாத்தியே, சொல்லு. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லியே.”

ஹெப்சிபாவுக்கு ஒவ்வோர் அசைவும் நினைவிருந்தது. சொல்லிக்கொடுக்கக்கூடியது அதில் ஒன்றுகூட இல்லை. ஒலிபெருக்கி மறுபடி அழைத்தது.